தொண்ணூற்றொன்றை நம்பியவர்

"கொட்டகை, கொட்டகை. வெர்ன் பேசறேன். சாப்பிடறதுக்கு வண்டிய நிறுத்தறேன். மூணு இன்னிங்ஸ்ல வந்துடறேன்."

மணி ஒன்று ஐந்து. தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேட்டில், பனி தள்ளும் லாரியை எஞ்சினை அணைக்காமல் நிறுத்திவிட்டு, வெர்ன் ஹலுஷ்கா மடியில் துண்டு விரிக்கிறார். ஊரிலேயே அந்த மேட்டில்தான் ரேடியோ கரகரக்காமல் கேட்கும். மற்ற ஓட்டுநர்கள் பதினொன்றரைக்கே சாப்பிட்டு, ஏப்பமும் விட்டு முடித்திருப்பார்கள். வெர்ன் மட்டும், ஆயிரம் மைலுக்குத் தெற்கே புளோரிடாவில் முதல் பந்து வீசப்படும் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படவிட மாட்டார். கறுப்பு ரொட்டிக்கு நடுவே ஈரல் சாசேஜ், வட்டமாக அரிந்த வெங்காயம், வினிகரில் ஊறிய ஒரு முட்டை. முதல் பந்துக்கு முதல் கடி. எதிரணிக்காரன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்துவிட்டால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். அது யார் தப்பு என்று முடிவு கட்டிய பிறகுதான் வாயில் இருப்பது உள்ளே இறங்கும்.

நான் அந்த நகராட்சிக் கொட்டகையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து பதினாலு பனி லாரிகளை மேய்க்கிறவன். பேஸ்பால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதை வெளியே சொல்லிவிட்டு இந்த ஊரில் பால் வாங்கக்கூடப் போக முடியாது என்பதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெர்ன் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஈரி ஏரியிலிருந்து வீசும் காற்றில் முப்பத்தைந்து குளிர்காலம் அடிபட்ட முகம். வலது காது நுனி மட்டும் வருஷம் முழுக்கச் சிவந்திருக்கும். அது பக்தியால் வந்த சிவப்பு. பிப்ரவரி நடுவில் ஒரு நாள், பந்து வீசுகிறவர்களும் அதைப் பின்னால் குந்திப் பிடிக்கிறவர்களும் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்காகப் புளோரிடா முகாமுக்கு வந்து சேருவார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் அப்புறம்தான் வருவார்கள். அன்றைக்கு அங்கே ஒன்றும் நடக்காது. நாலு பேர் பெட்டியோடு காரிலிருந்து இறங்குவார்கள், அவ்வளவுதான். ஆனால் இங்கே வெர்ன் குல்லாய், கம்பளிச்சட்டை எல்லாவற்றையும் துறந்து அணியின் அரைக்கைச் சட்டையோடு வேலைக்கு வருவார். ஒரு வருஷம் அப்படி வந்து காது உறைந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். "வசந்தம் வந்தாச்சு, இனிமே என்ன குல்லாய்?" என்று டாக்டரிடமே வாதாடியிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரியின் மேல் ஆட்கள் நடந்துபோய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அணியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி ஏதோ எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. டீம் பேர மட்டும் போடாத. மார்ச் மாசத்துல பேர அச்சுல போட்டா மே மாசத்துக்குள்ள கதை கந்தலாயிடும்."

"போன வருஷம் யாரும் எதையும் போடல. நூத்திரெண்டு மேட்ச் தோத்தாங்களே?"

"அதான் சொல்றேன். போட்டிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும், யோசிச்சுப் பாரு!"

முகாம் ஆட்டங்கள் எதுவும் கணக்கில் சேராது. ஜெயித்தாலும் காசு பெறாது, தோற்றாலும் காசு பெறாது. பெரிய ஆட்டக்காரர்கள் ஐந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் குளித்துக் கிளம்பிவிடுவார்கள். ஆறாவதிலிருந்து களத்துக்கு வருகிறவர்கள், கீழ்மட்ட அணிகளிலிருந்து அன்றைக்கு மட்டும் கூட்டிவந்த, முதுகில் எண்பது தொண்ணூறு என்று எண் போட்டுக்கொண்ட பையன்கள். இதையெல்லாம் வெர்ன் என்னைவிட நன்றாக அறிவார். இருந்தும் ஜெயித்தால், "பாத்தியா, அறிகுறி!" என்பார். தோற்றால், "இது பயிற்சிப்பா, இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க?" மழையால் ஆட்டம் நின்றுபோனால், "நல்லதாப் போச்சு, பசங்களுக்கு ரெஸ்ட் வேணும்." மார்ச் மாதம் முழுக்க அந்த மனிதரைத் தோற்கடிக்க ஆண்டவனாலும் முடியாது.

வருஷத்துக்கு ஒரு ரட்சகரும் கிடைத்துவிடுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பந்து வீச்சாளர். "வாழ்க்கையிலேயே இப்பத்தான் உடம்ப நல்லா வெச்சிருக்காராம்" என்று பேப்பரை எல்லார் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு திரிந்தார். அந்த நல்ல உடம்புக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், விமானத்தில் பெட்டியை மேலே தூக்கி வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வருஷத்து ரட்சகர் இப்போது டெக்சஸில் வீடுகளுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுக்கிறார். அதைச் சொல்லிக் கேலி செய்தால் வெர்னுக்கு ரோஷம் வந்துவிடும். "நல்ல குளமாக் கட்டறாராம். நான் விசாரிச்சுட்டேன்."

இதுவரை சொன்னது எந்த ஊரிலும் உள்ள கிறுக்கு. வெர்னை வெர்னாக்குவது நடீன்.

நடீன் அவருடைய மனைவி. பதினோரு வருஷமாக முன்னாள் மனைவி. தபால் அலுவலக கவுன்ட்டரில் இருப்பவர். விவாகரத்தின்போது வீடு நடீனுக்குப் போனது, நாய் வெர்னுக்கு வந்தது, படகை விற்றார்கள். சண்டை சச்சரவில்லாமல் எல்லாம் பிரிந்த பிறகு கடைசியில் நின்றது மைதானத்தில் இரண்டு இருக்கைகள். மேல் மாடி, பதினோராவது வரிசை, ஏழும் எட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள், வருஷத்துக்குப் பதின்மூன்று. இரண்டும் சேர்ந்த ஒரே சீட்டு, வருஷா வருஷம் புதுப்பிக்கும் தாளில் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொள்ளலாமே என்று நீதிபதி சொன்னாராம். அந்த ஒரு வருஷத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே குரலில் பேசியது அப்போதுதான்: "அது எப்படிங்க பிரிக்க முடியும்?"

அன்று முதல் இதுதான் ஏற்பாடு. பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் வேர்க்கடலையை நடுவில் வைத்துக்கொண்டு, பந்து வீச்சாளரைத் திட்டுவார்கள். செப்டம்பரில் கடைசி ஆட்டம் முடிந்ததும் அந்நியர்களாகிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கப் பேச்சு கிடையாது. பிப்ரவரியில் அந்த அரைக்கைச் சட்டை நாளன்று வெர்ன் தபால் அலுவலகத்துக்குப் போய் ஒரே ஒரு தபால்தலை வாங்குவார். நடீன் தலையைத் தூக்காமல் கேட்பார்: "வந்துட்டாங்களா?" இவர் சொல்வார்: "வந்துட்டாங்க." அவர்களுக்குப் புது வருஷம் பிறந்துவிடும்.

இந்த வருஷம் அந்த நாளில் நடீன் தலையைத் தூக்கினார்.

"வந்துட்டாங்க, தெரியும். நான்தான் இந்த வருஷம் வரல, வெர்ன்."

"என்னது?"

"நூத்திரெண்டு தோல்வி. முழங்கால்ல ஆபரேஷன். அந்தப் பதினோரு வரிசைய ஏறிப் போயி, உக்காந்து, தோக்கறதப் பாத்துட்டு இறங்கி வரணும். எனக்கென்ன தலையெழுத்தா?"

"நடீன், இந்த வருஷம்..."

"ஒரே ஒரு காரணம் சொல்லு. ஒழுங்கான காரணமா ஒண்ணு. கையெழுத்துப் போடறேன். மார்ச் இருபதுக்குள்ள தாள் போய்ச் சேரணும்ல? அதுவரைக்கும் டைம்."

அந்த அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது ஒன்றும் குதிரைக் கொம்பல்ல. வெர்ன் தனியாகப் போனால் மூன்று நாற்காலியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். அவ்வளவு காலியாகக் கிடக்கும். தனியாக என்பதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். நடீன் கேட்ட காரணம் என்ன என்பது கொட்டகையில் மற்ற பதின்மூன்று ஓட்டுநர்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் உலவும் பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வெர்ன் மட்டும், காரணம் என்றால் அது கையில் பேட்டோடுதான் வரும் என்று நினைத்தார்.

மார்ச் முதல் வாரத்தில் அது வந்தது. நல்ல பனிப்பொழிவு, பதினாலு லாரியும் தெருவில் இருந்தன. திடீரென்று என் வயர்லெஸ் யார் பேச்சையும் ஏற்காமல் அடைத்துக்கொண்டது. கூட்டத்தின் இரைச்சலும் பேஸ்பால் வர்ணனையும் மட்டும் வந்துகொண்டிருந்தன. வெர்ன் தன்னை மறந்து, வயர்லெஸ்ஸில் பேசும் பொத்தானை முழங்காலால் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. மற்ற பதின்மூன்று லாரிகளும் வேறு வழியில்லாமல் எட்டாவது இன்னிங்ஸைக் கேட்டன. "தொண்ணூற்றொன்றாம் நம்பர்... என்னிடம் இருக்கிற தாளில் இவர் பெயரே இல்லை நேயர்களே..." என்று வர்ணனையாளர் இழுத்தார். அப்புறம் பலகை உடைந்ததுபோல ஒரு சத்தம். பந்து மைதானத்தைத் தாண்டி, வாகன நிறுத்தத்தையும் தாண்டிப் போனதாம். வெர்ன் போட்ட கூச்சலில் என் ஹெட்போன் கழன்று மேசையில் விழுந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கியவர், பனி தள்ளும் தகட்டையும் எப்படியோ தூக்கிவிட்டார். மேப்பிள் தெருவில் முப்பது அடி நீளத்துக்குப் பனி அப்படியே நின்றது. அந்த வீட்டம்மா நாலு முறை போன் செய்து என்னைத் திட்டினார். அவரிடம் தொண்ணூற்றொன்றைப் பற்றி எப்படி விளக்குவேன்?

அன்று மாலை கொட்டகைக்குத் திரும்பிய வெர்ன், மேசைமேல் ஏறாத குறையாக அறிவித்தார்: "கெடச்சுட்டான்."

"யாரு?" என்றார் ஓடெல். ஓடெல் பிரிட்சர்ட் உப்பு லாரி ஓட்டுகிறவர். வெர்னைச் சீண்டுவதைச் சம்பளமில்லாத இரண்டாவது வேலையாக இருபது வருஷமாகச் செய்துவருகிறார்.

"தொண்ணூத்தொண்ணு."

"பேரு என்னப்பா அவனுக்கு?"

"பேரு தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். போன தடவ ஒருத்தன் பேர நான் கத்துக்கிட்ட மறுநாளே வேற டீமுக்குக் குடுத்துட்டாங்க. இவன் விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன்."

ஜாக்கிரதை என்றால் சாதாரண ஜாக்கிரதை இல்லை. வர்ணனையாளர் "தொண்ணூற்று..." என்று ஆரம்பித்ததும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, பெயர் சொல்லி முடிக்கிற அளவுக்கு நேரம் விட்டு, மறுபடி கூட்டுவார். பேப்பரில் ஆட்ட விவரம் வரும் பக்கத்தைக் கட்டைவிரலால் பாதி மறைத்துப் படிப்பார். யாராவது பெயரைச் சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு லாரிக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். நாங்களும் போனால் போகட்டும் என்று அந்தப் பக்கத்தைப் படிப்பதையே விட்டுவிட்டோம்.

தொண்ணூற்றொன்றோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தான். ஒரு நாள் சுவரை இடிக்கிற மாதிரி அடித்தான். இன்னொரு நாள் மான் மாதிரி ஓடி, படுத்துக்கொண்டே பந்தைப் பிடித்தான். ஓடெல்தான் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"ஏன் வெர்ன், எனக்கு ஒண்ணு புரியல. அடிக்கற அன்னிக்கு ஓட மாட்டேங்கறான். ஓடற அன்னிக்கு அடிக்க மாட்டேங்கறான். ஏன் அப்படி?"

"சக்திய மிச்சம் பிடிக்கறான்டா. விவரமான பையன்."

மறுநாள் வெர்ன் தபால் அலுவலகம் போனார். வரிசையில் ஆறு பேர், அதில் ஒருவர் கையில் தொட்டிலளவு பார்சல். அத்தனை பேரையும் நிற்கவைத்துக்கொண்டு தொண்ணூற்றொன்றின் புராணத்தை முதலிலிருந்து பாடினார். நடீன் முத்திரை குத்திக்கொண்டே கேட்டார்.

"இதான் காரணமா?"

"இதவிட என்ன காரணம் வேணும்? இவன் ஒருத்தன் போதும். ஒரே ஆளு, ஓடுவான், பிடிப்பான், அடிப்பான். நீ நேர்ல பாத்தா நீயே சொல்லுவ."

"பாத்துடலாம். பதினாலாம் தேதி டாரத்தி வீட்டுக்குப் போறேன்." டாரத்தி என்பது முகாமுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் நடீனின் தங்கை. "தாள வெச்சுட்டுப் போ. அவன் நீ சொன்ன மாதிரியே இருந்தா அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இல்லன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுடணும். சரியா?"

"சரி" என்றார் வெர்ன். பார்சல்காரர் கைதட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பதினாறாம் தேதி சனிக்கிழமை. பளிச்சென்று வெயில், தள்ளப் பனி இல்லாததால் லாரிகளைக் கொட்டகைக்குள் நிறுத்தி எல்லாரும் மசகு போட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் ரேடியோ. அதன் முன்னால் நாற்காலியில் வெர்ன். காலையிலிருந்து எதையும் சாப்பிடவில்லை. காரணம் பேப்பரில் இருந்தது. அன்று அணியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பாதிப் பேர் முகாமிலேயே ஆட, மீதிப் பேர் பஸ் ஏறி நூறு மைல் தள்ளி வேறொரு ஊரில் ஆடுகிறார்கள். ரேடியோ வர்ணனையாளர் பஸ் கோஷ்டியோடு போயிருந்தார். நடீன் முகாம் மைதானத்தில்.

"அவன பஸ்ல ஏத்திடாதீங்கப்பா" என்று வெர்ன் ரேடியோவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஏத்திடாதீங்க."

ஆறாவது இன்னிங்ஸில் போன் அடித்தது, நடீன்தான். வெர்ன் எடுத்து மேசைமேல் வைத்தார். அவருக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. அணைத்துக் கொடுக்க யாரும் முன்வரவும் இல்லை.

"இருக்கானா?" என்றார். ஹலோ கிடையாது.

"இருக்கான். இப்பத்தான் உள்ள வந்தான். எனக்கு நேர் எதிர்ல வலது மூலையில நிக்கறான்."

வெர்ன் கண்ணை மூடிக்கொண்டார். கொட்டகையே பெருமூச்சு விட்டது.

"ஒல்லியா, கொக்கு மாதிரி இருக்கான்" என்றார் நடீன்.

"ஒல்லியாவா? நான் கொஞ்சம் சதப்பிடிப்பா இருப்பான்னு நெனச்சேன்."

"இரு இரு... ஓடறான்... அய்யோ, விழுந்து பிடிச்சுட்டான் வெர்ன்! இந்த முழங்காலோட நானே எழுந்து நின்னுட்டேன்!"

"சொன்னேன்ல! சொன்னேன்ல!" வெர்ன் நாற்காலியோடு குதித்தார். "இது ஒண்ணுமே இல்ல. அவன் அடிக்கறதப் பாரு. அடிச்சான்னா..."

அப்போது அலமாரியில் இருந்த ரேடியோ சொன்னது: "அடுத்து பேட் எடுத்து வருபவர், தொண்ணூற்று..."

வெர்னின் கை பழக்கப்படி சத்தத்தைக் குறைக்கப் போனது. பாதி வழியில் நின்றது. நாங்கள் எல்லாரும் ரேடியோவைப் பார்த்தோம். பலகை உடைகிற அதே சத்தம் கேட்டது. பந்து சுவரின் உச்சியில் பட்டுத் திரும்பியது என்றும், வேறு யாராக இருந்தாலும் மூன்றாவது பேஸ் வரை ஓடியிருப்பார்கள் என்றும், தொண்ணூற்றொன்று மூச்சு வாங்க முதல் பேஸிலேயே நின்றுவிட்டார் என்றும் வர்ணனையாளர் சொன்னார்.

கொட்டகையில் மசகு டப்பா மூடி ஒன்று உருண்டு போகும் ஓசை கேட்டது.

"நடீன்" என்றார் வெர்ன். "அவன் இப்ப எங்க இருக்கான்?"

"இங்கதான். மூக்கச் சொறிஞ்சுட்டு நிக்கறான்."

"நம்பர நல்லாப் பாரு. ஒம்பதா, ஏழா?"

"முப்பது வருஷமா தபாலாபீஸ்ல நம்பர் படிக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? ஒம்பது. ஒண்ணு."

"அவன் இங்க முதல் பேஸ்ல நிக்கறானே!"

"இங்க வலது மூலையில நிக்கறானே!"

ஓடெல் மெதுவாகச் சொன்னார்: "நூறு மைலு. ஒரு நிமிஷம்கூட ஆகல. வேகமா ஓடுவான்னு நீ சொன்னப்ப நான் நம்பல, வெர்ன். மன்னிச்சுக்கோ."

அதற்கப்புறம் கொட்டகையில் ஒருவராலும் நிற்க முடியவில்லை. லாரி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. நானும் சிரித்தேன், மறைப்பானேன்? போனில் நடீன் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு திரும்ப வந்தார்.

"பக்கத்துல ஒரு பெரியவர் இருக்கார், அவரக் கேட்டேன். இது சகஜம்தானாம். அன்னன்னிக்குக் கூட்டிட்டு வர்ற பசங்களுக்குக் கைக்குக் கெடச்ச சட்டைய மாட்டி விடுவாங்களாம். ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு வந்துடுமாம். இந்தக் கொக்கு ஓடும், பிடிக்கும், அடிக்கத் தெரியாது. உன் ரேடியோவுல இருக்கற ஆளு அடிப்பான், நகரத் தெரியாது. ரெண்டு பேர் பேரையும் தெனமும் ரேடியோவுல சொல்றாங்களாமே வெர்ன், நீ கேக்கலியா?"

வெர்ன் ரேடியோவின் சத்தக் குமிழைப் பார்த்தார்.

"ஒரு காரணம் கேட்டேன். நீ பாதி பாதியா ரெண்டு குடுத்திருக்க."

வெர்ன் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தை ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக எந்த மார்ச்சிலும் தோற்காத மனிதர் எங்கள் கண் முன்னால் தோற்றுக்கொண்டிருந்தார். ஓடெல்தான் எழுந்துபோய், சத்தமில்லாமல் ரேடியோவை அணைத்தார்.

"நடீன்" என்றார் வெர்ன்.

"ம்."

"காரணம் எதுவும் இல்ல. இந்த வருஷமும் தோப்போம். தொண்ணூறு தோப்போம். நூறுகூட ஆகும்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை மார்ச் மாதத்தில் வந்து நாங்கள் கேட்டதில்லை.

"போன ஆகஸ்டுல உனக்கு ஆபரேஷன் ஆச்சே, அப்ப ரெண்டு ஞாயித்துக்கிழமை நீ வரல. அதுல ஒரு மேட்ச் ஜெயிச்சோம். பதினோரு ரன்னாம், அப்பறம் பேப்பர்ல பாத்தேன். மைதானமே எழுந்து நிக்குது. நான் இந்தப் பக்கம் திரும்பறேன், எட்டாம் நம்பர் சீட்டு காலியா இருக்கு. நான் மறுபடி உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்பறம் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கோர் என்னன்னு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல, நடீன். ஜெயிச்ச மேட்ச்சு, எனக்குச் சொல்லத் தெரியல. நீ இல்லாம எனக்கு அங்க வேலையில்ல. அவ்வளவுதான்."

போனில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ கடலை விற்றுக்கொண்டு போனார்கள்.

"இத தபாலாபீஸ்லயே சொல்லியிருக்கலாமே?"

"வரிசையில ஆறு பேரு நின்னாங்க."

"இப்ப எத்தன பேரு கேட்டுட்டிருக்காங்க?"

வெர்ன் நிமிர்ந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பதின்மூன்று ஓட்டுநர்கள், நான்.

"யாருமில்ல" என்றார்.

"பொய் சொல்லாத. ஓடெல் மூச்சு விடறது புளோரிடா வரைக்கும் கேக்குது." நடீன் கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "தாள் கைப்பையிலதான் இருக்கு. பேனாதான் இல்ல. இரு, பெரியவர்கிட்ட கேக்கறேன்... பென்சில்தான் வெச்சிருக்காராம். பென்சில்ல போட்டா செல்லுமா?"

"செல்லும் செல்லும்! இல்ல, செல்லாது! செல்லாது நடீன், பேனா வேணும்!"

"கத்தாத. முன்வரிசையில ஒரு அம்மா குடுக்கறாங்க... பெரியவரே, கொஞ்சம் முதுகக் காட்டுங்க... ஆச்சு. போட்டாச்சு. திங்கக்கிழமை காலையில நானே போயி அவசரத் தபால்ல சேத்துடறேன். இப்பக் கேளு. ஏழாவது இன்னிங்ஸ். நாலுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டிருக்கோம். தொண்ணூத்தொண்ணு பேட் எடுத்துட்டு வரான். எந்தத் தொண்ணூத்தொண்ணுன்னு மட்டும் கேக்காத."

வெர்ன் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். போனைச் சுற்றி இரண்டு கையையும் குவித்து, காதை அதன்மேல் வைத்தார். பிறகு சிவந்த கண்ணோடு எங்கள் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து அதட்டினார்.

"கொஞ்சம் வாய மூடுங்கடா. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

கொட்டகையில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.